காலாவதிக்கு முன்னால்

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள், நோயாளி யாரையும் தொடுவதற்கு முன்னால் ஒரு பிரசவக் கட்டிலைத்தான் தொட்டேன். தள்ளச் சொன்னவர் அங்கே மருந்தாளுநராக இருந்த அக்கா.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலை உத்தரவும் கையுமாக வந்திருந்தேன். பையை எங்கே வைப்பது என்று கேட்க வாய் திறந்தபோது, ஸ்டோர் ரூம் வாசலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி.

"புதுசா வந்த சிஸ்டருங்களா? பையை அக்கட்டால வெச்சுட்டுச் சித்த இந்தக் கட்டிலைப் புடிங்க அம்மிணி."

உள்ளே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கட்டில் ஒன்று கிடந்தது. அதன்மேல் பழைய ரிஜிஸ்டர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கட்டில் வந்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம். பிரசவ அறையில் இருந்த கட்டிலுக்கோ ஒரு கால் துருப்பிடித்து உடைந்து, செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"எதுக்குக்கா எடுக்காம வச்சிருந்தாக?" என்று கேட்டேன்.

"வெளிய எடுத்துப் போட்டா ஒரு நாளைக்கு ஒடையுமுங்க. ஒடைஞ்சா யாரு ஒடைச்சதுன்னு கேப்பாங்க. பூட்டி வெச்சா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. முன்னாடி இருந்த டாக்டருக்கு அந்த பயமுங்க. பொருளு பத்திரமா இருக்குது, செங்கல்லு மேல பொம்பளைங்க பெத்துக்கறாங்க."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன பாதி வழியில் டாக்டர் ஓடி வந்தார். அவரும் புதியவர், என்னைவிட இளையவர். "மேடம், இன்னும் இஷ்யூ ஆர்டர் போடலையே!"

"போடுங்க சார். நாங்க லேபர் ரூமுக்குத் தள்ளிட்டுப் போறதுக்குள்ள போட்டுடலாமுங்க."

பொருளை வெளியே எடுக்கும் அந்த உத்தரவை டாக்டர் போட்டுவிட்டார். அந்த வாரமே ஒரு தையல்காரப் பெண்ணுக்கு அதில் ஆண் குழந்தை பிறந்தது. எட்டிப் பார்க்க வந்த அக்கா, குழந்தையைப் பார்க்கும் முன் குனிந்து கட்டிலின் நாலு கால்களையும் பார்த்தார்.

எதுவும் சும்மா கிடப்பதை அவரால் பொறுக்க முடியாது. இதைச் சிக்கனம் என்று சொன்னால் கோபம் வரும். தேவை என்று பட்டுவிட்டால் கேட்டுக் கேட்டு மேலிடத்தின் உயிரை வாங்கிவிடுவார். வந்த பொருள் பயன்படாமல் தூசி படிந்து கிடந்தால்தான் அவருக்கு உடம்பு எரியும். அவருடைய கணவர் ஊருக்குள் பவர் டேபிள் போட்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை அது.

"எங்கூட்டுக்காரரு ஒரு கோன் நூலு அதிகமா வாங்கிப் போட்டா அன்னிக்கே எங்களுக்குள்ள சண்டைங்க. இங்க ரூம் ரூமாப் பூட்டி வெச்சிருக்குது, ஒருத்தரும் சண்டை போடறதில்லீங்க. ஏனுங்க? இது யாரு ஊட்டுதும் இல்லைன்னு நெனைச்சுக்கறாங்க."

அந்தச் சண்டையை அவர் போட்டார். எல்லோரிடமும் போட்டார். மருந்துக் கவுன்டரில் சர்க்கரை நோயாளிகள் வந்து நின்றால் முதல் கேள்வியே, "போன மாசம் குடுத்தது மிச்சமிருக்குதுங்களா?" என்பதுதான். மிச்சமிருந்தால் அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுப்பார். இதனால் அவருக்குக் கெட்ட பெயர் உண்டு. ஒரு முறை வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் கவுன்டர் பலகையைத் தட்டினார்.

"இதென்ன உங்கப்பன் ஊட்டுச் சொத்தா? குடுக்கறதுக்கு என்னம்மா வலிக்குது?"

"ஆமாங்க சாமி, எங்கப்பன் ஊட்டுதுதானுங்க. உங்கப்பன் ஊட்டுதும்தான். அதனாலதான் கேக்கறேன். ஊட்டுல எத்தனை அட்டை கெடக்குது, சொல்லுங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, ஆறு அட்டை கிடப்பதாகச் சொன்னார். மாத்திரை சாப்பிடாமலேயே மாதாமாதம் வாங்கிப் போயிருக்கிறார். அப்புறம் டாக்டரிடம் உட்காரவைத்து அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை ஏறிக் கிடந்தது.

எப்போதும் அவர் சரியாகவே நடந்துகொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு செக்கிங் பெண் வந்து ரத்தக் கொதிப்பு மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டாள். தைத்த பனியன்களில் குறை பார்த்துப் பிரிக்கும் வேலை அவளுக்கு. அடுத்த மாதம் ஷிப்மென்ட் இருக்கிறது, லீவு கிடைக்காது என்றாள். அக்கா மறுத்துவிட்டார். சேர்த்து வாங்கிப் போகிறவர்கள் தொலைத்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தப் பெண் அடுத்த மாதம் வரவில்லை. மாத்திரை தீர்ந்து மூன்றாவது வாரம், கம்பெனியில் செக்கிங் டேபிளிலேயே மயங்கி விழுந்தாள் என்று அவள் தங்கை வந்து சொன்னாள்.

அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாள் அந்தக் கம்பெனிக்கே போய், சூப்பர்வைசர் முன்னால் அவளிடம், "தப்பு என்னோடதுதான் கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் மருந்துக் கவுன்டரைத் திறந்து வைத்தார். யாரும் உத்தரவு போடவில்லை. அதற்கு ஈடாக வேறு நாளில் விடுப்பும் கேட்கவில்லை. "வேலை செய்யற சனம் வர முடியாத நேரத்துலயே கடையைத் தெறந்து வெச்சிருந்தா, மருந்து இங்க கெடந்து என்னத்துக்குங்க?" என்றார். காதர்பேட்டை பனியன் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட அந்த இரண்டு மணி நேரத்துக்காக பஸ் ஏறி வர ஆரம்பித்தார்கள்.

மார்ச் மாதம் வந்தால் டாக்டருக்கு அக்காவைப் பார்த்தாலே பயம். நிதியாண்டின் கடைசியில், மிச்சமிருக்கும் நிதியை மூன்று நாளில் செலவழித்துவிட்டு ரசீது அனுப்பச் சொல்லி மேலிருந்து கடிதம் வரும். எல்லா நிலையங்களிலும் திரைச்சீலை, நாற்காலி, சுவர்க்கடிகாரம் என்று வாங்கித் தள்ளுவார்கள். எங்களிடம் ஏற்கெனவே ஐந்து சுவர்க்கடிகாரங்கள் இருந்தன. ஐந்தும் ஐந்து விதமாக மணி காட்டின.

"ஆறாவது வேண்டாங்க சார்" என்றார் அக்கா. "தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் கேளுங்க. இல்லாட்டி வேண்டாம்னு எழுதித் திருப்பி அனுப்புங்க."

"திருப்பி அனுப்பினா அடுத்த வருஷம் குறைச்சிருவாங்க மேடம். செலவு பண்ணாதவங்களுக்குத் தேவையில்லைன்னு அர்த்தமாயிரும். ஸ்டெபிலைசர் இந்தச் செலவுத் தலைப்புல வராது."

"அப்ப அந்தத் தலைப்பை மாத்தச் சொல்லி எழுதுங்க."

டாக்டர் எழுதவில்லை. அக்கா எழுதினார். பதில் வரவில்லை. கடிகாரம் வாங்கவில்லை. அடுத்த வருடம் நிதியைக் குறைத்தார்கள். டாக்டர் பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவோ மாதம் ஒரு கடிதம் என்று பதினோரு மாதம் ஸ்டெபிலைசர் கேட்டு எழுதி, பன்னிரண்டாவது மாதம் வாங்கியும் விட்டார்.

நாய்க்கடி விஷயம் நடந்தது ஒரு சித்திரை மாதத்தில்.

நிலையத்துக்குப் பின்னால், சாயப்பட்டறை மூடிப்போன இடத்தில், வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தகரக் கொட்டகையில் லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி வாக்கில் அங்கிருந்து கூட்டமாக ஓடி வந்தார்கள். ஒரே நாய் வரிசையாகக் கடித்துக்கொண்டே போயிருக்கிறது. பதினோரு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். நாயின் வாயில் நுரை இருந்ததாக ஒருவர் சொன்னார்.

காயங்களை சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவினோம். ஆழமாகக் கடிபட்ட இரண்டு பேரை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். மிச்சம் ஒன்பது பேர். ஃப்ரிட்ஜில் இருந்தது ஒரே ஒரு தடுப்பூசிக் குப்பி. கேட்டு எழுதிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு குப்பி நாலு பேருக்கு மேல் காணாது. குழந்தைகளே ஐந்து.

"மத்தவங்களை டவுனுக்கு பஸ்ல அனுப்பிடலாம்" என்றார் டாக்டர்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அங்கேயும் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டுகிறார்கள், வந்தால் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்குத் தெரியும், இவர்கள் போகமாட்டார்கள். போகிறேன் என்று தலையாட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள். கடிபட்டு நாலு நாள் கழித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா இன்னொரு நம்பரைப் போட்டார். சோமனூர்ப் பக்கம் தறிகள் ஓடும் ஒரு ஊரில் இருந்த இன்னொரு நிலையம். அங்கே கூட்டம் குறைவு. அங்கிருந்த மருந்தாளுநர் பேசியது, ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இருக்குதுங்க்கா. பன்னெண்டு குப்பி. இந்த மாசக் கடைசியோட எக்ஸ்பைரி. ஆனா லெட்டர் இல்லாம எப்படிங்க்கா குடுக்கறது? நீங்க மாவட்டத்துக்கு எழுதி, அவிய எங்களுக்கு எழுதி..."

"அதுக்குள்ள மாசம் முடிஞ்சு போயிருமுங்க தம்பி."

"முடிஞ்சா எக்ஸ்பைரின்னு எழுதித் தள்ளிடலாம். அதுக்கு ஃபார்ம் இருக்குது. உங்களுக்குக் குடுத்தா அதுக்கு ஃபார்ம் இல்லீங்க. நான் மாட்டிக்குவேன்."

அக்கா போனை வைத்தார். பிறகு, ஐஸ் கட்டிகள் வைத்த தடுப்பூசிப் பெட்டியை எடுத்து ஸ்கூட்டரின் முன்னால் வைத்தார். "சிஸ்டர், பின்னால உக்காருங்க. வர்றப்ப பெட்டியை நீங்க புடிச்சுக்கோணும்."

"எதுக்குக்கா வம்பு? டாக்டரு ஒரு லெட்டராவது..." என்றேன். பயந்துதான் சொன்னேன். எனக்கு வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"டாக்டரு எழுதுனா டாக்டரு மாட்டுவாரு. நீங்க வரலீன்னாலும் பரவால்லீங்க. பெட்டியைக் கயித்துல கட்டிக்கறேன்."

ஏறி உட்கார்ந்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர்.

அங்கே அந்தத் தம்பி கதவருகிலேயே நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். அக்கா அவனைத் திட்டவில்லை. மேஜையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் தன் கைப்பட எழுதினார். இன்ன ஊரில் பதினோரு பேரை நாய் கடித்திருக்கிறது, இங்கே இருக்கும் பன்னிரண்டு குப்பிகளை நான் எடுத்துப் போகிறேன், இங்குள்ள மருந்தாளுநர் மறுத்தார், நான் அதை மீறி எடுத்தேன், முழுப் பொறுப்பும் என்னுடையது. பெயர், பதவி, நேரம், கையெழுத்து.

"மறுத்தீங்கன்னு எழுதிட்டேன் தம்பி. இனி உங்களுக்கு ஒண்ணும் வராது. ஃப்ரிட்ஜைத் தெறங்க."

அவன் படித்துப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனே எடுத்துக் கொடுத்தான்.

பதினொன்றரை மணிக்குள் ஒன்பது பேருக்கும் ஊசி போட்டேன். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஊசியைப் பார்த்து அலறியபோது அக்கா அவள் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் அம்மா, "தீதி, தீதி" என்று தங்கள் மொழியில் சகோதரி என அழைத்து, என் கையைப் பிடித்து அழுதாள். அடுத்தடுத்த ஊசிகளுக்கு எல்லோரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வரும்படி அக்கா ஏற்பாடு செய்தார். திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொருவராக வந்தால் பாதி வீணாகும். கம்பெனி சூப்பர்வைசர்களுக்குத் தானே போன் போட்டு, "உங்க லைன்ல அந்தப் பையனைப் பத்து மணிக்கு அனுப்புங்க, பதினொண்ணுக்கு மெஷின்ல இருப்பான்" என்றார். கடித்த நாய் மூன்றாம் நாள் செத்துக் கிடந்தது. கடிபட்ட பதினோரு பேரும் நன்றாக இருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அக்காவுக்கு மெமோ வந்தது. முறையான அனுமதியின்றி அரசு மருந்தை இடம் மாற்றியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

டாக்டர் பதறிப்போய், தானே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். நல்ல மனுஷன். "மேடம், கடைசி வரி மட்டும் போதும். இனிமேல் இவ்வாறு செய்யமாட்டேன். அவ்வளவுதான். எச்சரிக்கையோட முடிச்சிருவாங்க, பேசிட்டேன்."

அக்கா கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "மத்ததெல்லாம் சரீங்க சார். அந்தக் கடைசி வரிதான் என்னால எழுத முடியாது. மறுபடியும் செய்வேனே."

விசாரணைக்கு என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு அக்கா ஆட்டோவில் நாலு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். பெட்டிகளில் ஏதோ பதிவேடுகள் இருக்கும் என்று நினைத்தேன். விசாரணை அதிகாரி பேச ஆரம்பித்ததும், அக்கா ஒரு பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்துத் திறந்தார். எங்கள் ஸ்டோரில் அழிப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்த காலாவதி மருந்துகள். அவர் எங்கள் நிலையத்துக்கு வரும் முன்பே வந்து தேங்கியவை, கேட்காமலே அனுப்பப்பட்டவை. குழந்தைகளுக்கான சிரப், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், காய்ச்சல் மாத்திரை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தார். எப்போது வந்தது, யார் கேட்டது, எப்போது கெட்டது. "யார் கேட்டது" என்ற இடத்தில் எல்லாத் தாளிலும் ஒரு கோடு.

"என்னம்மா இது? இதை எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?" அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இதெல்லாம் கெட்டுப்போச்சுங்க சார். சனத்தோட பணம். இது கெட்டுப்போனதுக்கு யாருக்காச்சும் ஒரு மெமோ குடுத்திருந்தா காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க சொல்றதை இப்பவே எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிடறேன்."

"அது வேற விஷயம். இப்ப விசாரிக்கறது நீங்க விதியை மீறினதை."

"கெடவிட்டுக் கெடுத்தவங்களுக்கு ஃபார்ம் இருக்குது. கெடறதுக்கு முன்னாடி எடுத்து ஊசி போட்டவளுக்கு விசாரணை இருக்குது. அதைத்தான் சொல்றேனுங்க. எந்த விதி சார் வீணாக்கச் சொல்லுது? அந்த விதியை நான் மீறுனேன்னு எழுதிக்கோங்க. கையெழுத்துப் போடறேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டு அக்காவையே பார்த்தாள். அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க கட்டாயத்தின் பேர்ல கூடப் போனீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவைத்தார் என்பது புரிந்தது.

"இல்லீங்க சார். நானாத்தான் ஏறிப் போனேன்" என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

அவருக்கு இரண்டு ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். மாவட்டத்தின் தென்கோடியில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன நிலையத்துக்கு மாற்றினார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவர் கிளம்பிய அன்று லைன் வீடுகளிலிருந்து இருபது முப்பது பேர் வந்து நின்றார்கள். பூமாலை வாங்கி வந்திருந்தார்கள். "எதுக்குங்க காசைக் கரியாக்கறீங்க?" என்று திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

மூன்று வருடம் கழித்து எங்கள் நிலையத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. காலாவதி நெருங்கும் மருந்துகளை அக்கம்பக்கத்து நிலையங்கள் தொலைபேசியில் பேசி நேரடியாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கு ஒரு பக்கப் படிவம் போதும் என்றிருந்தது. யார் கேட்டு, எதனால் வந்தது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறி அவரைப் பார்க்கப் போனேன்.

மலையடிவாரத்து நிலையத்தில் மருந்துக் கவுன்டருக்கு முன்னால் நல்ல வரிசை. என்னைப் பார்த்ததும் தலையசைத்து உட்காரச் சொன்னார். வரிசையில் கடைசி ஆள்வரை மருந்து கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. சுற்றறிக்கையைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அழக்கூடச் செய்வார் என்று நினைத்தேன்.

"இப்பவாச்சும் அந்த இன்கிரிமென்ட்டைத் திருப்பித் தருவாகளாக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தரமாட்டாங்க. அதை விடுங்க." விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "இதென்னங்க, ஃபார்ம் மூணு காப்பி? குடுக்கறவங்களுக்கு ஒண்ணு, வாங்கறவங்களுக்கு ஒண்ணு. மூணாவது எதுக்குங்க?"

"மாவட்டத்துக்கா இருக்கும்க்கா."

"அங்க எவரு படிப்பாங்க? அதுவுமில்லாம, மாசத்துக்கு ஒருக்காத்தான் மாத்திக்கலாமாம். நாய் மாசத்துக்கு ஒருக்காத்தான் கடிக்குமுங்களா?"

உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தார்.

"அக்கா, மறுபடியுமா? ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டே வருசந்தான? பேசாம இருக்கக் கூடாதா?"

"ரெண்டு வருசம் முழுசா இருக்குதுங்க சிஸ்டர்" என்றார், என்னை நிமிர்ந்து பார்த்து. "அதை மட்டும் சும்மா போட்டு வெக்கச் சொல்றீங்களா?"

அனுப்புநர் என்று எழுதி, அதன் கீழே தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார்.